குளிர்காலப் பெட்ரோலும் குறையும் மைலேஜும்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் கார் வைத்திருப்பவர்கள் டிசம்பர் பிறந்ததும் ஒன்றைக் கவனிப்பார்கள். கோடையில் கேலனுக்கு 30 மைல் கொடுத்த கார் 27, 26 என்று இறங்கி நிற்கும். காரில் கோளாறு எதுவும் இருக்காது. போகும் பாதையும் அதே வீடு, அதே அலுவலகம், அதே பள்ளிக்கூடம்தான். விசாரித்தால் பத்தில் எட்டுப் பேர் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: கேஸ் ஸ்டேஷன்களில் குளிர்காலக் கலவை வந்துவிட்டது, அதில் சத்து குறைவு. இதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் காணாமல் போகும் மைலேஜில் பெட்ரோலின் பங்கு சிறியது, பெரும்பகுதியைத் தின்பது குளிரும் நாம் ஓட்டும் விதமும்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. பெட்ரோல் கலவையை நாம் மாற்ற முடியாது. மற்றவற்றில் பாதிக்கு மேல் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலில் கலவை ஏன் மாறுகிறது என்று பார்த்துவிடலாம். இன்ஜினுக்குள் எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. பனி கொட்டும் காலையில் மின்னசோட்டாவில் காரை எடுக்கும்போது, உறைந்து கிடக்கும் இன்ஜினுக்குள் பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதியாவது உடனே ஆவியானால்தான் தீப்பொறி பற்றும். எனவே குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகும் பெட்ரோல் தேவை. கோடையில் நிலைமை தலைகீழ். எளிதில் ஆவியாகும் பெட்ரோல் டேங்கிலிருந்தும், நிரப்பும்போது குழாய் முனையிலிருந்தும் காற்றில் கலக்கிறது. அந்த ஆவியும் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் பல ஆண்டுகள் மூச்சுத்திணற வைத்த புகைமூட்டத்தின் முக்கியக் கூறு இதுதான். ஆவியாகும் இந்தத் தன்மையை ரீட் ஆவியழுத்தம் என்ற அளவால் குறிக்கிறார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பெட்ரோலின் ஆவி எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதே அந்த அளவு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பி.எஸ்.ஐ. கடும் குளிர்ப் பகுதிகளில் விற்கும் குளிர்காலப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 15 பி.எஸ்.ஐ. வரை போகலாம். அதை ஜூலை மாத வெயிலில் திறந்து வைத்தால் கொதிக்கும் நிலைக்கே வந்துவிடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. 1989 முதல் கோடைக்கால ஆவியழுத்தத்துக்கு உச்சவரம்பு விதித்து வருகிறது. ரிஃபைனரிகளும் மொத்தக் கிடங்குகளும் மே 1 முதலும், கேஸ் ஸ்டேஷன்கள் ஜூன் 1 முதலும் கோடைப் பெட்ரோலையே விற்க வேண்டும். செப்டம்பர் 15 வரை இந்தக் கட்டுப்பாடு. பெரும்பாலான இடங்களில் வரம்பு 9 பி.எஸ்.ஐ., சில பகுதிகளில் 7.8. எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குப் பல இடங்களில் கூடுதலாக 1 பி.எஸ்.ஐ. சலுகை உண்டு. (எத்தனாலின் சொந்த ஆவியழுத்தம் பெட்ரோலை விட மிகக் குறைவு. ஆனாலும் பெட்ரோலில் கொஞ்சமாகக் கலந்தால் கலவையின் அழுத்தம் ஏறிவிடுகிறது. வேதியியலின் குறும்புகளில் இது ஒன்று.) கலிஃபோர்னியா தனிச் சட்டம் வைத்திருக்கிறது. அங்கே வரம்பு இன்னும் கடுமை, தென் கலிஃபோர்னியாவில் கோடைக் கலவையின் காலமும் அக்டோபர் கடைசி வரை நீள்கிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: குளிர்காலப் பெட்ரோல் என்று நாடு முழுக்க ஒரே சரக்கு கிடையாது. மாதத்துக்கும் மாநிலத்துக்கும் ஏற்ப ஆவியழுத்த வகுப்புகள் மாறும். ஜனவரியில் மினியாபொலிஸில் விற்பதும் மயாமியில் விற்பதும் ஒன்றல்ல.

ஆவியழுத்தத்தை ஏற்றி இறக்க ரிஃபைனரி பயன்படுத்தும் முக்கியப் பொருள் பியூட்டேன். நம் ஊர்ச் சமையல் சிலிண்டரில் புரொப்பேனோடு சேர்ந்து இருப்பதும் இதுதான். பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும், ஆவியழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல். விலை மலிவு, ஆக்டேன் நல்லது. எனவே ரிஃபைனரிக்காரர் வரம்பு இடம் கொடுக்கும் மட்டும் அதைச் சேர்க்கவே விரும்புவார். கோடையில் ஏறத்தாழ 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது, குளிர்காலத்தில் 10 சதவீதம் வரை போகலாம். மைலேஜ் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. எடை போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ பியூட்டேன் தரும் வெப்பம் ஒரு கிலோ பெட்ரோலை விடச் சற்று அதிகம். ஆனால் பெட்ரோலை யாரும் எடை போட்டு விற்பதில்லை, கேலனில் அளக்கிறார்கள். அரிசியையும் பொரியையும் ஒரே படியில் அளந்து வாங்கினால் எது வயிற்றை நிரப்பும்? பியூட்டேன் அடர்த்தி குறைந்தது. ஒரு கேலன் பியூட்டேனில் இருக்கும் ஆற்றல் ஒரு கேலன் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான். இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். பெட்ரோலில் 8 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பியூட்டேனை ஊற்றினால், அந்த 8 சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கு ஆற்றல் குறையும். அதாவது மொத்தத்தில் 1.3 சதவீதம். இ.பி.ஏ. கொடுத்துள்ள சராசரி எண்களும் இதை ஒட்டியே வருகின்றன: சாதாரணக் கோடைப் பெட்ரோலில் கேலனுக்கு 1,14,500 பி.டி.யூ. (வெப்ப ஆற்றலின் அலகு), குளிர்காலத்தில் 1,12,500. வித்தியாசம் 1.7 சதவீதம். இவை சராசரிகள்தான். ஒவ்வொரு ரிஃபைனரியின் சரக்கும் வேறுபடும், குளிர்காலத்தின் நல்ல சரக்கு கோடையின் சுமாரான சரக்கை மிஞ்சுவதும் உண்டு.

இந்த 1.7 சதவீதம் காரில் எப்படி வெளிப்படுகிறது? இன்றைய கார்களில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த காற்றில் மிச்ச ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துப் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. சத்து குறைந்த பெட்ரோல் வந்தால் இன்ஜின் தடுமாறாது, வேகமும் குறையாது. கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டு அதே வேலையைச் செய்யும். 30 மைல் கொடுத்த கார் 29.5 கொடுக்கும். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி, 6,000 மைல், குளிர்காலக் கலவையில் ஓடுகிறது என்று வைத்தால் 200 கேலன் ஆக வேண்டிய இடத்தில் 203.5 கேலன் ஆகும். கேலன் 3.50 டாலர் என்றால் கூடுதல் செலவு முழுக் குளிர்காலத்துக்கும் 12 டாலர். கேலனுக்கு 30 மைல் 26 ஆகக் குறைந்ததற்கு இந்தக் கணக்கு போதாது. மீதி 3.5 மைலுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையும் இ.பி.ஏ.யும் சேர்ந்து நடத்தும் எரிபொருள் சிக்கனத் தகவல் சேவை தரும் எண்கள் இவை: நகரத்துக்குள் குறுந்தூரம் ஓடும் பெட்ரோல் காரின் மைலேஜ் 77 டிகிரியில் இருப்பதை விட 20 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. மூன்று நான்கு மைல் மட்டுமே போய் நிறுத்தும் பயணங்களில் 24 சதவீதம் வரை இறங்கும். ஹைப்ரிட் கார்களுக்கு அடி இன்னும் பலம், 30 முதல் 34 சதவீதம் வரை. ஒரே பெட்ரோலைக் குடிக்கும் இரண்டு கார்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு இழக்கிறது என்றால் காரணம் பெட்ரோலில் இருக்க முடியாது. ஹைப்ரிட் தன் சிக்கனத்தைப் பெறுவதே இன்ஜினை அடிக்கடி அணைத்து வைப்பதால்தான். குளிரில் கேபினுக்குச் சூடு வேண்டும், இன்ஜினும் தன் வெப்பத்தைக் காக்க வேண்டும், எனவே அணைய வேண்டிய நேரத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

குளிர் எந்தெந்த வழியில் தின்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பரிகாரம் அங்கேதான் இருக்கிறது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், சக்கரத் தாங்கிகளில் உள்ள கிரீஸ் எல்லாம் கெட்டிப்பட்டு உராய்வைக் கூட்டுகின்றன. இன்ஜின் சூடாகும் வரை கணினி வேண்டுமென்றே அதிகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது, உள்ளே செல்வதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று அதற்குத் தெரியும். ஆக்சிஜன் சென்சாரும் சூடேறும் வரை சரியாக வேலை செய்யாது. 25 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 7க்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி 12 சதவீதம் கூடுகிறது. அதே வேகத்தில் போகும் காருக்குக் காற்றின் எதிர்ப்பும் அதே அளவு கூடும். நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போகிறவருக்கு இது லேசான சுமை அல்ல. பின்கண்ணாடிச் சூடு, இருக்கைச் சூடு, முழு வேகத்தில் சுழலும் விசிறி எல்லாம் பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைப் பெட்ரோல்தான் திருப்பிக் கட்டுகிறது. முன்கண்ணாடியின் மூட்டத்தைப் போக்கும் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் ஏ.சி. கம்ப்ரசரும் சேர்ந்தே ஓடும், ஜனவரியிலும்.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழும். குளிரும் குளிர்காலப் பெட்ரோலும் சேர்ந்தே வருகின்றன, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, குளிரின் கணக்கில் நாம் எழுதுவது பெட்ரோலின் கடனாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். பிரித்துப் பார்க்க வழி உண்டு. கலவை காலண்டரைப் பார்த்து மாறுகிறது, குளிர் வெப்பமானியைப் பார்த்து வருகிறது. இரண்டும் எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை. சிகாகோவிலும் நியூ ஜெர்சியிலும் கோடைக் கட்டுப்பாடு செப்டம்பர் நடுவில் முடிகிறது. அதன் பிறகு பல வாரங்கள் சட்டை போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய இதமான வானிலைதான். குற்றவாளி பெட்ரோல் என்றால் மைலேஜ் அக்டோபரிலேயே விழ வேண்டும். உங்கள் குறிப்பேட்டில் அது டிசம்பர், ஜனவரியில் விழுந்திருந்தால், கலவை மாறிய தேதியோடு அதற்குப் பெரிய உறவில்லை. தென் கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் தெளிவான சோதனை கிடைக்கிறது. அங்கே நவம்பரில் கலவை மாறுகிறது, ஆனால் மினியாபொலிஸ் போல எதுவும் உறைவதில்லை. அங்கே தெரியும் வீழ்ச்சியே கலவையின் உண்மையான பங்குக்கு நெருக்கமானது. மூன்றாவது சாட்சி மின்சாரக் கார். அது ஒரு சொட்டுப் பெட்ரோலும் குடிப்பதில்லை. ஆனாலும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள்-ஏ 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஹீட்டர் போடாமலேயே மின்சாரக் கார்கள் சராசரியாக 12 சதவீதத் தூரத்தை இழந்தன. ஹீட்டர் போட்டால் 41 சதவீதம். அதில் பேட்டரியின் குளிர் நோயும் அடக்கம் என்பதால் பெட்ரோல் காருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கெட்டியான காற்றும் குளிரில் அழுத்தம் குறைந்த டயரும் இரண்டுக்கும் பொது.

இன்னோர் எதிர்வாதம் அனுபவத்திலிருந்து வருவது. முப்பது ஆண்டுகளாக இங்கே கார் ஓட்டும் பெரியவர்கள், குளிர்காலப் பெட்ரோல் மைலேஜைத் தின்பதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார்கள். அதைப் பொய் என்று தள்ளக் கூடாது. அவர்கள் பார்த்த காலத்தில் அது இன்றைவிட உண்மையாகவே இருந்தது. கார்பன் மோனாக்சைடைக் குறைப்பதற்காக டென்வர் 1988இல் குளிர்காலத்துக்கு மட்டும் ஆக்சிஜன் சேர்ந்த பெட்ரோலைக் கட்டாயமாக்கியது. 1990ஆம் ஆண்டு காற்றுத் தூய்மைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1992 முதல் பல நகரங்கள் அந்த வழியில் போயின. எத்தனாலோ எம்.டி.பி.இ. என்ற சேர்மமோ குளிர்காலத்தில் சேர்ந்தது, கோடையில் பல இடங்களில் இல்லை. அந்தக் கலப்பு மட்டுமே ஆற்றலை 2 முதல் 3 சதவீதம் குறைத்தது. பியூட்டேனின் பங்கையும் கூட்டினால் 4 சதவீதம் அளவுக்கு வந்துவிடும், கவனமாகக் கணக்கு வைத்தவர் கண்ணில் படும் அளவு. இன்று நாட்டில் விற்கும் பெட்ரோலில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆண்டு முழுக்க 10 சதவீத எத்தனால் இருக்கிறது. அது தரும் 3 முதல் 4 சதவீத இழப்பு ஜூலையிலும் உண்டு, ஜனவரியிலும் உண்டு, எனவே பருவ வித்தியாசத்தில் அது கணக்கில் வராது. பழைய அனுபவம் சொல்லும் பாதிப்பில் பாதிக்கு மேல் இப்போது ஆண்டு முழுவதற்குமான நிரந்தரச் செலவாகிவிட்டது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் பற்றி நடக்கும் சண்டையைப் பின்தொடர்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கே வாதம் எத்தனாலைப் பற்றியது, பருவத்தைப் பற்றியது அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது எதிர்வாதம்தான் அதிகம் கேட்பது: நான் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறேன், புதுக் கலவை வந்த முதல் டேங்கிலேயே 5 சதவீதம் போய்விட்டது என்பார்கள். ஒரே ஒரு டேங்கை வைத்து 1.7 சதவீத வித்தியாசத்தை யாராலும் பார்க்க முடியாது. 12 கேலன் நிரப்பும் டேங்கில் குழாய் ஒரு முறை சற்று முன்பே டக்கென்று நின்றுவிட்டால், அடுத்த முறை சற்றுத் தாமதமாக நின்றால், அரைக் கேலன் வித்தியாசம் சாதாரணமாக வரும். அதுவே 4 சதவீதம். பம்பின் அளவிலும் தவறுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது: 5 கேலனுக்கு 6 கன அங்குலம், அதாவது அரை சதவீதம், கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் வெப்பநிலை. பெட்ரோல் 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் விரிந்து சுருங்கும். கனடாவில் பல பம்புகள் 15 டிகிரிக்குச் சரிசெய்து அளக்கின்றன, அமெரிக்காவின் கேஸ் ஸ்டேஷன்களில் அந்த வழக்கம் இல்லை. 231 கன அங்குலம் இருந்தால் ஒரு கேலன், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்காலத்தில் நிலத்தடித் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் கோடையை விடக் குளிர்ந்து சுருங்கியிருக்கிறது, எனவே அதே கேலனில் சற்று அதிகச் சரக்கு வருகிறது. பியூட்டேன் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதியைக் குளிர் இப்படித் திருப்பித் தந்துவிடுகிறது. இதை வைத்து, விடியற்காலையில் நிரப்பினால் லாபம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பூமிக்கடியில் இருக்கும் தொட்டிக்குக் காலை மாலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மாதங்கள் மாறினால்தான் அது மாறும்.

ஆகவே கணக்கு வைப்பவர்கள் மூன்று நான்கு டேங்குகளின் மைல்களையும் கேலன்களையும் தனித்தனியாகக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய் தானாக நின்ற முதல் நொடியோடு நிறுத்திக்கொள்வது, முடிந்தால் ஒரே நிலையத்தின் ஒரே பம்பில் நிரப்புவது, ஓடோமீட்டர் எண்ணை அங்கேயே குறிப்பது. ஒப்பிடும்போது இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிட வேண்டும், போன ஜூலையோடு அல்ல. அப்படிப் பார்த்தும் 8, 10 சதவீதம் குறைந்திருந்தால் கலவையைத் திட்டிக்கொண்டு சும்மா இருப்பது ஆபத்து. தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டு இன்ஜின் சூடாகாமல் ஓடலாம், பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆக்சிஜன் சென்சார் சோர்ந்திருக்கலாம். குளிர்காலப் பெட்ரோல் என்ற சமாதானத்தின் பெரிய தீங்கு இதுதான். பழுதைக் காட்டும் அறிகுறியைப் பருவத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

கைக்கு எட்டுபவற்றில் முதலிடம் டயருக்கு. 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும்போது டயரில் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும். செப்டம்பரில் 80 டிகிரி வெயிலில் 33 பி.எஸ்.ஐ. வைத்தவரின் டயர், ஜனவரியில் 20 டிகிரிக் காலையில் 27தான் காட்டும், எங்கும் கசியாமலேயே. ஓட்டுநர் முன்னால் உள்ள எச்சரிக்கை விளக்கு எரியுமே என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த விளக்கு பரிந்துரைத்த அளவுக்கு 25 சதவீதம் கீழே போன பிறகு எரிந்தால் போதும் என்பதே விதி. 33க்கு அது 24.75. 27இல் விளக்கு அமைதியாக இருக்கும். சராசரி அழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவதற்கும் மைலேஜ் 0.2 சதவீதம் குறைகிறது. ஆறு பி.எஸ்.ஐ.க்கு 1.2 சதவீதம். குளிர்காலப் பெட்ரோல் எடுத்துக்கொள்வதாக இவ்வளவு பேசுகிறோமே, அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இழப்பு இது ஒன்றிலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலையில் சரியாகிவிடும். அளப்பது கார் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. வைக்க வேண்டிய எண் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது.

அடுத்தது, நிறுத்திய இடத்திலேயே இன்ஜினைச் சூடாக்கும் வழக்கம். வீட்டுக்குள்ளிருந்தே ரிமோட்டில் காரை ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் விடுவது இங்கே பரவலாகிவிட்டது. இன்ஜினின் அளவைப் பொறுத்து சும்மா ஓடும் கார் மணிக்குக் கால் முதல் அரைக் கேலன் வரை குடிக்கிறது, அந்த நேரத்தில் மைலேஜ் பூஜ்ஜியம். எரிபொருள் செலுத்துதலைக் கணினி பார்த்துக்கொள்ளும் இன்றைய கார்களுக்கு அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினால் இன்ஜின் நிறுத்தியிருப்பதை விட வேகமாகச் சூடாகும். கண்ணாடியில் பனி ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டி எடுக்கும் வரை ஓடவிடலாம். பார்வை தெரியாமல் ஓட்டிச் சேமிக்கும் பெட்ரோல் யாருக்கும் வேண்டாம். மூன்றாவது, பயணங்களைக் கோப்பது. காலையில் பால் வாங்க ஒரு முறை, மதியம் நூலகத்துக்கு ஒரு முறை, மாலையில் பிள்ளையின் பாட்டு வகுப்புக்கு ஒரு முறை என்று மூன்று முறை உறைந்த இன்ஜினை எழுப்பினால் மூன்று முறையும் அந்தக் கெட்டியான முதல் சில மைல்களின் விலையைக் கொடுக்கிறோம். மேலே பார்த்த 6,000 மைலில் கால் பங்கு மட்டும் இப்படிக் கடுங்குளிரில் குறுந்தூரம் ஓடினாலே 15 சதவீதக் கணக்கில் 8.8 கேலன் கூடுதலாகப் போகும், ஏறக்குறைய 31 டாலர். கலவையால் போனது 12.

பெட்ரோலைத் தேர்ந்தெடுத்து இந்த 12 டாலரை மீட்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: மீட்க முடியாது. ஒரே பகுதியில் வேறு வேறு பெயர்ப்பலகை மாட்டிய நிலையங்கள் பல நேரம் ஒரே கிடங்கிலிருந்துதான் சரக்கு எடுக்கின்றன, பியூட்டேன் அளவில் ஒன்றை விட ஒன்று மேல் என்று தேடி அலைவதில் பொருளில்லை. விலை உயர்ந்த பிரீமியத்தில் ஆக்டேன் அதிகம், ஆற்றல் அதிகம் என்று பொருள் அல்ல. காரின் கையேடு கேட்காத வரை அது வீண். எத்தனால் கலக்காத பெட்ரோல் சில இடங்களில் கிடைக்கும், 3 முதல் 4 சதவீதம் கூடுதலாக ஓடும். அதாவது 3.50 டாலர் பெட்ரோலோடு ஒப்பிட்டால் 10 முதல் 14 சென்ட் வரை அதிகம் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம். பலகையில் விலையைப் பார்த்ததுமே பெரும்பாலும் கணக்கு முடிந்துவிடும். குளிர்காலக் கலவையின் இன்னொரு முகமும் இங்கே தெரிகிறது. பியூட்டேன் மலிவானதால் அது தயாரிப்புச் செலவைக் குறைக்கிறது. 2022 செப்டம்பர் கடைசியில் விலை எகிறியபோது கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் குளிர்காலக் கலவைக்கு முன்கூட்டியே மாறச் சொன்னது இதற்காகத்தான். கேலனுக்கு 6 சென்ட் குறைந்தாலே 1.7 சதவீத இழப்பு ஈடாகிவிடும். மைலுக்கு எத்தனை சென்ட் என்று பார்த்தால், குளிர்காலப் பெட்ரோல் பல ஆண்டுகளில் நமக்குச் சாதகமாகவே முடியும்.

டெக்சஸ், அரிசோனா வாசகர்களுக்கு இந்தக் கதை முழுவதும் சற்றுத் திரும்பி நிற்கும். ஹூஸ்டனில் கோடைப் பெட்ரோலின் கூடுதல் சத்து யாருக்கும் தெரிவதில்லை, ஏ.சி. அதைப் பல மடங்கு விழுங்கிவிடுகிறது. கடும் வெயிலில் குறுந்தூரப் பயணங்களில் ஏ.சி. மட்டுமே 25 சதவீதத்துக்கு மேல் மைலேஜைக் குறைக்கக்கூடும். அங்கே பிப்ரவரியில் காரின் மைலேஜ் ஆகஸ்ட்டை விட நன்றாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

கலவை உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய விஷயமாக மாறுவது மைலேஜில் அல்ல, பெட்ரோல் டேங்கில் தங்கும்போது. மார்ச்சில் முழு டேங்க் நிரப்பிவிட்டு ஊருக்குப் போய் ஜூனில் திரும்புபவர், கார்பரேட்டர் வைத்த பழைய காரைக் கோடையில் மட்டும் வெளியே எடுப்பவர், புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கேனில் பெட்ரோல் சேர்த்து வைத்திருப்பவர் ஆகியோர் கவனிக்க வேண்டும். பழைய காரில் குளிர்காலப் பெட்ரோல் வெயிலில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. வெந்நீர் போலச் சூடான கராஜில் கேனைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வரும், அருகில் தண்ணீர் ஹீட்டரின் சுடர் எரிந்துகொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. கோடையில் வாங்கிய பெட்ரோலைச் சத்து அதிகம் என்று குளிர்காலத்துக்குச் சேமிப்பதும் இதற்கு நேர்மாறான காரணத்தால் கூடாது. உறைபனிக் காலையில் அது பற்ற மறுக்கும். பழைய கலவையை ஏப்ரலுக்குள் காரில் ஊற்றித் தீர்த்துவிட்டு, கேனை மே மாதக் கடைசிக்குப் பிறகு புதிதாக நிரப்பிக்கொள்வது நல்லது. பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருந்து மின்சாரத்திலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் டேங்கை முழுக்க நிரப்பாமல் கால் பாகத்தோடு வைத்துக்கொண்டால், பருவம் மாறும்போது பழைய பெட்ரோல் அதிகம் தேங்காது.